கரகரப்பில்லாத குரல்

செவ்வாய், வடதுருவ நிலையம்

நாள் 212, 09:00
காற்றழுத்தம் இயல்பு. நீர் இயல்பு. இரத்த மாதிரி சோதிக்கப்பட்டது. முதிய உடல் இங்கே எவ்வாறு தேய்கிறது என்று அறிய அனுப்பப்பட்டவள் நான். என் மெய்யியல் முனைவர் பட்டத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

நிலையத்தில் நான் ஒருத்திதான். தொலைவில் துளையிடும் தளத்தில் தனியே இருக்கும் பொறியாளர் ஏசுவடியானுக்கு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய மெய்யியல் நூலொன்றை வானொலியில் வாசித்துக் காட்டுகிறேன். அனைத்தையும் ஐயுற வேண்டும் என்பது இன்றைய பகுதி.

“இந்த ஆளுக்கு வேல வெட்டி இல்லியா மேடம்? சரி, வாசிங்க. என்னதான் சொல்லுதார்னு பாப்போம்.”

நாள் 214, 11:20
புழுதிப் புயல். தளத்திலிருந்து வரும் குரல் சிதைகிறது. விடுபட்ட சொற்களை அவர் குரலிலேயே இட்டு நிரப்பும் கருவி ஓயாமல் இயங்குகிறது. ஆகவே கரகரப்பாக வருவது ஏசுவடியான், தெளிவாக வருவது கருவி. தெளிவாகத் தோன்றுவதே உண்மை என்கிறார் நூலாசிரியர். இங்கே அது தலைகீழ் என்று விளக்கினேன். சிரித்தார். சிரித்தது அவர்தானா என்று குறித்துக்கொண்டேன்.

நாள் 215, 13:05
காலை முழுவதும் தளத்திலிருந்து பதில் இல்லை. பிறகு, மாசற்ற குரல்.

“மேடம், தளத்துல கரண்டு போயிட்டு. வண்டியில வந்துட்டேன். வாசல்ல நிக்கேன், கதவத் தொறங்க. காத்து கொறயுது.”

புயலின்போது வெளிக்கதவை உள்ளிருந்து மட்டுமே திறக்கலாம். திறந்தால் சேமிப்புக் காற்றில் பாதி போய்விடும். கேமராவை மறைத்து நிற்கிறது புழுதி. இப்புயலில் ஒரு சொல்லும் சிதையாமல் வருவது கருவியின் கற்பனையாகவே இருக்க முடியும். அவர்தான் என்பதற்குச் சான்று கேட்டேன்.

“நான் இருக்கனா இல்லியான்னு உள்ள வந்து பேசிக்கிடலாம். தொறங்கம்மா.”

ஏசுவடியான் என்னை அம்மா என்று அழைத்ததே இல்லை. அதையும் எதிர்ச்சான்றாகக் கொண்டேன். திறக்கவில்லை. வாதம் பிழையற்றது.

13:40
தேநீர் ஊற்றும்போது தோன்றியது. குரல் சிதையாமலிருக்க இன்னொரு காரணம் உண்டு. தொலைவின்மை.

திறக்கப் போகிறேன்.

16:10
உள்ளே இழுத்துக் கிடத்தினேன். தலைக்கவசத்தின் உட்புறம் பனி. மூச்சு இல்லை. கையுறையின் விரற்கணுக்கள் தேய்ந்திருக்கின்றன. தட்டியிருக்கிறார்.

தட்டியதைப் புயல் என்று எண்ணினேன் என்று எழுதலாம். பொய். கேட்டது. அதையும் ஐயுற்றேன்.

வாதம் பிழையற்றது என்று மேலே எழுதியிருக்கிறேன். அழிக்க மாட்டேன். கண்டெடுப்பவர் படிக்கட்டும்.

நாள் 216
காற்று பாதி. அளக்கவில்லை.

கருவிக்கு மௌனமும் விடுபட்ட சொல்தான். விடிந்ததிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது.

“மேடம், விட்ட எடத்துலேருந்து வாசிங்க.”

மாசற்ற குரல். அவர் என் கட்டிலில், போர்வைக்குள். இம்முறை எனக்கு ஐயமே இல்லை.

இருந்தும் வாசித்தேன்.