இடப்பக்கப் பை

ஏனுங்க,

சோறும் பருப்பும் அடுப்பு மேல இருக்குது. சாவி அனீஸ் கடையில. நம்ம புள்ள ஷைமாவைக் கூட்டிக்கிட்டுத் தாராபுரம், எந்தம்பி ஊட்டுக்குப் போறேன்.

நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சப்பவே டாக்டர் சொன்னாருங்களே, "செல்போனைச் சட்டையோட இடப்பக்கப் பையில வெக்காதீங்க. சிக்னல் கம்மியா இருந்தா போன் இன்னும் பலமா அலை வீசும், மெஷின் தடுமாறும்"னு. நம்மூட்டுல சிக்னல் எப்பவும் ஒரு கோடுதான். அதனாலதான் நேத்து உங்க பையிலிருந்து எடுத்து உள்ள ரூம்ல மேசை மேல வெச்சேன்.

"செல்போன் இருக்கறது நாலு பேருக்குத் தெரியறது பொறுக்கலையாடி உனக்கு?"ன்னு எல்லார் முன்னாலயும் அறைஞ்சீங்க. ஷைமாவைப் பொண்ணு பாக்க வந்தவங்க டீயைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இஸ்திரி போட்ட சட்டை கட்டில் மேல இருக்குது. போனுக்கு முழுசா சார்ஜ் ஏத்தி, நீங்க ஆசைப்படற அதே பையில வெச்சுப்போட்டேன். இனி நான் எடுக்க மாட்டேனுங்க.

இஸ்மத்

மறந்துட்டேன். டாக்டரைப் பாக்கற தேதி நாளைக்கு. போறதும் போகாததும் உங்க இஷ்டம். தலை சுத்துனா எங்களைக் கூப்பிட முடியாதுங்க. தம்பி ஊட்டுல போன் இல்லை.