வீட்டுக்குள் கேட்ட கைதட்டல்

ஞாயிறு இரவு, இல்ஃபோர்ட்

பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் பகுதியில் கட்சிக்காக நிற்கப் போட்டிபோடும் மூன்று பேர் இன்று டிவியில் வாதாடினார்கள். யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்கள் போனில் வோட்டுப் போட வேண்டும். அதில் ஒருவன் எங்கள் ஊர்த் தேவன். அகதிகளாகப் படகில் வருகிறவர்களை ஏறின இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றான். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும்.

என் மகன் கை தட்டினான். "என்ன இங்கிலீஷ், பாருங்கோ அம்மா! வெள்ளைக்காரனே தோத்துப்போவான்." மருமகள் போனில் இதயம் இதயமாக அனுப்பினாள். சீ!

தேவன் இந்த நாட்டுக்கு லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்து வந்தவன். அந்த மாரிக்குளிர் முழுக்க இந்த வீட்டு ஹோலில்தான் படுத்தான். பொலிஸ் கார் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையோடு குசினிக்குள் ஓடி அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிவான்.

"அவன் எப்பிடி வந்தவன் எண்டு மறந்துபோச்சோ?" என்று கேட்டேன்.

"அது அப்ப, அம்மா. இப்ப எங்கட ஆள் ஒருத்தன் பாராளுமன்றத்துக்குள்ள வேணும். உங்கட போனைத் தாங்கோ, வோட்டைப் போட்டுவிடுறன்."

இதற்குத்தான் என்னையும் கட்சியில் சேர்த்திருக்கிறான்.

"தரமாட்டன்."

"ஐயோ, வீட்டில மூண்டு வோட்டெண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்!"

"இப்ப அவனுக்குப் போனெடுத்து ரெண்டெண்டு சொல்லு."