டிக்கெட் கேட்காத பஸ்

ஞாயிறு, மூக்கண்டப்பள்ளி.

இவர் வேலைக்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே ஒரு வருடம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில்கூட இன்னும் பேச்சு இல்லை.

இன்று மகள் மீராவைக் கூட்டிக்கொண்டு கெலமங்கலம் பார்க்கக் கிளம்பினோம். தினமும் கம்பெனி பஸ் ஏறும் பழக்கத்தில், வந்த வெள்ளை பஸ்ஸுக்குக் கை காட்டி எங்களையும் ஏற்றிவிட்டார் இவர். உள்ளே எல்லாரும் நீலச் சட்டை போட்ட பெண்கள். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். “புதுசாக்கா? எந்த லைன்ல போட்டிருக்காங்க?”

“கெலமங்கலம் போறோம்.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. “அப்ப பாப்பாவுக்குத்தான் ஷிப்டா?” என்று மீராவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியவர்தான், கம்பெனி கேட் வரைக்கும் திரும்பவில்லை. இறங்கும்போது அந்தப் பெண் தன் பூவில் பாதியைக் கிள்ளி மீராவுக்கு வைத்துவிட்டாள். என் பெயரைக் கேட்டாள். இந்த ஊரில் முதல் ஆள்.

பிறகு சரியான பஸ் பிடித்துக் கெலமங்கலமும் போனோம். அங்கே என்ன பார்த்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

தூங்கும் முன் மீரா சொல்லி வைத்திருக்கிறாள்: “அடுத்த வாரமும் தப்பு பஸ்ஸே புடிங்கப்பா.”