முள் நடுவில்தான் இருந்தது

மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. சிலிண்டர்கள் நான்கு, வெந்துபோனது ஒன்று.

அன்புள்ள குட்டிக்கு, நானும் அம்மாவும் நலம், நீ நலம் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், என் போனைத்தான் ஐந்து வாரமாக நீ எடுப்பதில்லையே. எடுத்திருந்தாலும் குறுக்கே பேசிக் கெடுத்திருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. கார் கெட்டதற்குக் காரணம் நீ இல்லை, நான். பாதியில் மடித்து வைத்துவிடாமல் முழுதும் படி.

நீ படிக்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் நம் பழைய ஸ்போர்ட்ஸ் காரை முதல்முறையாக நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டினாய், ஒரு மணி நேரத்தில் புகைந்து நின்றது. "முள் நடுவுலதான்ப்பா இருந்துச்சு" என்று மூன்று தடவை சொன்னாய். சூடு காட்டும் முள் ஏறாமல் இன்ஜின் எப்படி வேகும், கவனிக்காமல் ஓட்டிவிட்டுப் பொய் வேறு சொல்கிறாயா என்று, கட்டியிழுக்கும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அன்றிலிருந்து இன்ஜினையே மாற்றிவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். என்னோடு வேலை பார்க்கும் வெல்டர், விபத்தான வண்டி ஒன்றிலிருந்து புது மாடல் இன்ஜின் பிடித்து வைத்திருந்தார், சக்தி ஒன்றரை மடங்கு. அதைப் போட்டால் முன்பக்கம் நாற்பது கிலோ கூடும், நம் கியர்பாக்ஸ் சேராது, இன்ஜின் உட்காரும் இடத்தையே அறுத்து வெல்டு வைக்க வேண்டும், எல்லாம் தெரியும், ஆனாலும் பழையதைப் பிரித்துக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லை. உனக்கு அப்பா ஆனபோது எனக்கு இருபது வயது, அப்போதும் பொறுமை இல்லை, முப்பத்தொன்பதிலும் வரவில்லை. கடைசல் பட்டறை அண்ணன்தான் நிறுத்தினார். "தொறந்துகூடப் பாக்காம செத்துப்போச்சுன்னு எழுதிட்டியா தம்பி?" என்றார். ரோஷம் வந்து வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜினின் மேல்மூடியை, அதாவது ஹெட்டைக் கழற்றினேன்.

ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கும், தெரியுமே, அது திருப்பிப் போட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் ஒரே மூச்சில் மாட்டியவன் நான்தான். பின்பக்கம் தண்ணீர் போகும் துவாரம் அடைபட்டுப்போய், கடைசி சிலிண்டர் மட்டும் வெந்திருக்கிறது. ஊருக்குள் பத்து நிமிடம் ஓடும்போது தெரியவில்லை. சூட்டை அளக்கும் சென்சாரோ முன்பக்கம், தண்ணீர் நன்றாக ஓடுகிற இடத்தில். முள் நடுவில்தான் இருந்திருக்கும். நீ சொன்னது நிஜம்.

தகட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பெத்த பொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, தகரம் சொன்னா நம்புவீங்க" என்றாள்.

இன்று காலை பட்டறையில் எல்லாம் அளந்து பார்த்தாயிற்று. பிளாக்கில் விரிசல் இல்லை, ஹெட் லேசாக வளைந்ததுதான், சீவிச் சமன் செய்யலாம் என்றார் அண்ணன். எண்ணெய் டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கார் பிழைத்ததற்கு இவ்வளவா என்று அவர் சிரித்தார். காருக்காக இல்லை. திறக்காமல் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால், நீ பொய் சொன்னாய் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

உன்னை அப்படிச் சொன்னது தப்பு, குட்டி. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, எடுத்ததெல்லாம் உனக்கு நல்லபடி முடியட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. புது இன்ஜின் வேண்டாமென்று வெல்டரிடம் இன்றே சொல்வது.
2. ஹெட்டைச் சீவி, நான்கு பிஸ்டனையும் மாற்றுவது.
3. புதுத் தகட்டை வாங்கி, மாட்டாமல் வைத்திருப்பது. விடுமுறைக்கு வந்து எந்தப் பக்கம் மேலே என்று நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் போல்ட் முடுக்குவேன்.
4. அதற்கு முன்னால் நீ போனை எடுத்தால், நீ சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது.

தகட்டைத் திருப்பிப் போட்ட,
உன் அப்பா