நான் அழித்த பட்டை

இன்று காலை லேபில் யாரோ மெர்காப்டோஎத்தனால் பாட்டிலைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள். அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். "இதுக்கு கரியாஹாட் மீன் மார்க்கெட்டே தேவலாம்டீ" என்று அந்த நாட்களில் முகம் சுளித்தபடி புரத மாதிரிகளில் அதைச் சொட்டுச் சொட்டாக விடுவாய் நீ. சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கி வந்தும் எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருப்பாய். இந்த வங்காள லேபில் தமிழ் பேச நாம் இருவர்தான்.

செல்லின் மேற்சவ்வில் சில புரதங்கள் ஒரு கொழுப்பு நங்கூரத்தைப் பிடித்துத்தான் நிற்கின்றன. செல்லுக்குள் ஒரு கொழுப்பின் தலையில் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அந்த நங்கூரம் உருவாகிறது. பிறகு புரதத்தின் வால் நறுக்கப்பட்டு, அங்கே அது ஒட்டப்படுகிறது. ஈஸ்ட்டில் ஒரு ஜீனை நீக்கினால் இந்த வேலை அடியோடு நின்றுவிடும் என்பது நம் லேப் தலைவரின் வாதம். புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் உன் ஜெல் படத்தில் அது நிற்கவில்லை. நங்கூரம் ஏறிய புரதம் மங்கலான பட்டையாகத் தெரிந்தது. மூன்று முறை செய்து பார்த்தாய். மூன்று முறையும் தெரிந்தது.

படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் அந்தப் பட்டை போய்விடும் என்றார் அவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. நீ மாட்டேன் என்றாய். அதைச் செய்ய கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்தேன்.

"கண்ணுக்குத் தெரியலேன்னா செல்லுலயும் இல்லேன்னு ஆயிடுமா?" என்று கேட்டாய்.

"எனக்கு இந்தப் பேப்பர் வேணும்டீ" என்றேன்.

நீ பேப்பரிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொன்னாய். மூலப் படங்களை ஒரு பென்டிரைவில் என்னிடம் கொடுத்துவிட்டு லேபை விட்டே போனாய். ஆய்வுப் பத்திரிகையில் வெளியான அந்தப் பேப்பர் எனக்கு இங்கேயே வேலை வாங்கித் தந்தது.

போன வருடம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. இரங்கல் கூட்டத்தில் லேப் தலைவர் உன் புகைப்படத்துக்கு ரஜனிகந்தாப் பூமாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் நேர்மையைப் பற்றிப் பேசினார். பிறகு எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். ஒன்றை வாயில் வைத்தேன். வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். துக்கம் என்று நினைத்து ஒரு பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதுவும் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பென்டிரைவில் இருந்த உன் மூலப் படங்களை அந்தப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

"போனவளுக்கு இதனால என்ன லாபம்?" என்று வங்காள மொழியில் கேட்டார் அவர்.

பத்திரிகைக்காரர்கள் பேப்பரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். படத்தில் தவறு நேர்ந்தது என்று ஒரே வரி அறிவிப்பு; யார் செய்தது என்று அதில் இல்லை. புதிதாக வரும் மாணவர்கள் அந்த வரியைக் காட்டிக் கேட்கிறார்கள். "நான்தான்" என்கிறேன். அவர் சொல்லித்தான் செய்தேன் என்று சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் நாக்கு துடிக்கிறது. சேர்ப்பதில்லை.