ஓடைக்கும் குளத்துக்கும் நடுவே உங்கள் ஊர்

ஐயா,

இன்று பருப்புக்குத் தாளித்தேன். ஹோம்புஷ் தமிழ்க் கடையில் சின்னச்சீரகம் தீர்ந்துபோயிருந்ததால், வேலை முடிந்து வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் எடுத்து வந்திருந்தேன். கண்ணாடி போடாமல் எடுத்தது. எண்ணெயில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது, இது எங்கள் சீரகம் இல்லை. சூப்பிலும் அவித்த உருளைக்கிழங்கிலும் நீங்கள் கேட்டுக் கேட்டுத் தூவிக்கொண்ட, பார்வைக்குச் சீரகம் போலவே இருக்கும் அந்தக் கரவே விதை. குசினி முழுக்க உங்கள் அறையின் வாசம். கறி கெட்டது கெட்டதுதான். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இதை எழுதுகிறேன்.

முதியோர் இல்லத்தில் மறதிநோய்க்காரர் இருக்கும் உங்கள் பகுதிக்கு என்னை மாற்றிய முதல் நாள், அந்தத் தோட்டத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதவுக்கு எண் பூட்டு. உள்ளே ஒரு பஸ் தரிப்பிடம். உட்கார ஒரு வாங்கு, கம்பம், நேர அட்டவணை எல்லாம் உண்டு, பஸ் மட்டும் வராது. வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுகிறவர்களை அங்கே இருத்தினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார்கள் என்று கட்டியது. கெல்லிவில்லிலிருந்து வரும் தமிழ்நாட்டு நர்ஸ்தான் எனக்கு வேலை பழக்கினாள். வாங்கில் இருந்த உங்களைக் காட்டிச் சொன்னாள்: "அண்ணா, அவர்கிட்ட பஸ் வராதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இவங்ககிட்ட எதையும் மறுத்துப் பேசக் கூடாது, அதான் இங்க ரூல். டீ குடிச்சிட்டுப் போலாம்னு சொல்லுங்க, மறந்துடுவார்."

நான் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா. வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. ஆறு மாதத்துக்கொரு தடவை 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வரும். எனக்கும் ஒரு வாங்கு போட்டு இருத்தி வைத்திருக்கிறார்கள் என்று, உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொள்வேன்.

நாம் பேசியது இரண்டு பேரின் உடைந்த ஆங்கிலம். நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே நிற்கிறது. காலைச் சாப்பாட்டுத் தட்டில் நீங்கள் ஊரைப் போட்டுக் காட்டுவீர்கள். மேற்கே வெண்ணெய்க் கத்தி, அதுதான் ஓடை. "கத்திக்கு அங்கால வேற நாடு." தெற்கே கஞ்சிக் கிண்ணம், குளம். நடுவில் வெண்ணெய் தடவிய பாண் துண்டுகள், ஒரே தெருவின் இரண்டு பக்கத்து வீடுகள். உப்புப் போத்தல், ஒற்றை மணி தொங்கும் மாதா கோயில். எல்லாம் சொல்லி முடிந்ததும் உங்கள் ஊரை அள்ளிக்கொண்டுபோய் நான் கழுவி வைப்பேன்.

பாதி வீடுகளில் செக் மொழி, பாதியில் ஜெர்மன். உலகப் போர் முடிந்தபோது உங்களுக்கு ஐந்து வயது. ஜெர்மன் பேசியவர்களை ஆளுக்கொரு மூட்டையோடு போகச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் ஆட்டை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஓடையோரம் முள்ளுக்கம்பி வந்தது. ஊருக்குள் வரவும் பாஸ், ஊரை விட்டுப் போகவும் பாஸ். இருபது வயதில், அடைமழையில், வேலி சரிந்திருந்த ஓரிடத்தால் ஓடையைக் கடந்தீர்கள். அதன்பின் அம்மாவை உள்நாட்டு நகரமொன்றுக்குக் கொண்டுபோனார்கள். காவல்காரருக்குப் பார்வை மறைக்கிறது என்று வீடுகளை இடித்தார்கள். இவ்வளவும் தெரிந்தவர்தான் மறுநாள் காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பீர்கள்.

என் அம்மா வவுனியா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினா. கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தேன். அடுத்த நாள் வேலைக்கு வந்தேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? நீங்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று தடவை பஸ்ஸைக் கேட்டீர்கள். போனை எடுத்து, நீங்கள் முன்பு எழுதித் தந்த ஊர்ப் பெயரைத் தட்டி, வானத்திலிருந்து எடுத்த படத்தை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாருங்கோ. வீடில்லை. கோயிலில்லை. ஒருத்தரும் இல்லை. எங்க போகப் போறியள்?"

உங்களை நோகடிக்கத்தான் சொன்னேன். உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளாததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் போனைக் கையில் வாங்கினீர்கள். விரலை ஒரு கரும்பச்சைப் பொட்டின்மேல் வைத்தீர்கள். "இது குளம். தண்ணி நிக்குது."

"நிண்டா என்ன?"

"அது மனிசர் கட்டின குளம். குளக்கட்டைப் பாக்காட்டி உடைஞ்சு சேறாப் போயிடும். இலையுதிரக்கை ஆரோ துருசைத் திறந்து, வடியவிட்டு, நத்தார்ப் பண்டிகைக்கு மீன் பிடிக்கினம். பிறகு பூட்டினம். ஆள் இருக்கு."

வன்னியில் குளக்கட்டும் தண்ணீர் திறந்துவிடும் துருசும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் படத்தில் எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

"நீர் ஏன் இண்டைக்குக் கோவமா இருக்கிறீர்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். அழவில்லை, அம்மா செத்ததைச் செய்தி சொல்வது போலச் சொன்னேன். உங்கள் அம்மா செத்த கடிதம் சிட்னிக்கு வர மூன்று கிழமை ஆனதாம். "போகேலாதெண்டு தெரிஞ்சும் சப்பாத்தைத் துடைச்சு வைச்சனான்" என்றீர்கள்.

அதன்பின் ஊர் உங்களிடமிருந்து கழன்று போனது. தட்டில் வரைபடம் நின்றது. பஸ்ஸைக் கேட்பதும் நின்றது. நான் சொன்னதாலோ என்று பயந்தேன். நோய் முற்றுகிறது என்றாள் நர்ஸ். அவள் சொன்னதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்று மட்டும் உங்களிடம் தங்கியது. தட்டோடு கதவைத் திறந்ததும் கேட்பீர்கள்: "அம்மா எப்பிடி இருக்கிறா?"

என் அம்மாவைத்தான். எனக்கு ஒரு அம்மா இருப்பது நினைவில் நின்றது, அவ செத்தது நிற்கவில்லை. முதல் நாள் தட்டை மேசையில் வைத்தேன். மறுத்துப் பேசக் கூடாதே. "சுகமா இருக்கிறா" என்றேன்.

"சாப்பிட்டவவோ?"

"ஓம். புட்டு."

ஐந்து மாதம், வேலைக்கு வந்த நாளெல்லாம். கால் வலி குறைந்திருக்கிறது என்றேன். கோயிலுக்குப் போனா என்றேன். மழைக்குக் கூரை மாற்றினோம் என்றேன். முதலில் வேலைக்காகச் சொன்னேன். பிறகு இரவே யோசித்து வைத்துக்கொண்டு வரத் தொடங்கினேன். நீங்கள் தலையாட்டிக் கேட்பீர்கள்.

உங்கள் உடலைக் கொண்டுபோன அன்று துணி மாற்றும் அறையில் நின்று அழுதேன். அம்மாவின் கொள்ளியைப் பார்த்தபோது வராத அழுகை. "உங்களுக்கு அவர்னா உசிருல்ல அண்ணா" என்று நர்ஸ் தோளைத் தொட்டாள். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றுதான் எனக்கு அம்மா செத்தா.

உங்கள் அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவர் எதுவும் கேட்பதில்லை. தட்டோடு கதவைத் திறக்கும்போது 'சுகமா இருக்கிறா' என்பது வாய்வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிக்கொண்டு குட் மோர்னிங் சொல்கிறேன்.