துண்டுகளுக்குப் பின்னால் ஒட்டிய போஸ்டர்

ஆடி மாதம், சனிக்கிழமை இரவு

தென்காசி மண்டபத்தில் அடுத்த வாரம் இரண்டு நாடகம். ஒன்று குடும்பத்தோடு பார்ப்பது, இன்னொன்று பெரியவர்களுக்கு மட்டும். இரண்டாவதில் என் மகள் செல்வி நடிக்கிறாள். ஐந்தருவியில் இருக்கும் என் துண்டுக் கடையில் ஒட்டச் சொல்லி இரண்டு போஸ்டரும் தந்திருந்தாள். ஒட்டியதும் பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

"பெரியவங்களுக்கு மட்டுமா? மக என்ன படம் காட்டப் போறா அண்ணாச்சி?"

எனக்குக் கூசிவிட்டது. அவள் போஸ்டரை மட்டும் உரித்து, விற்பனைக்குத் தொங்கும் துண்டுகளுக்குப் பின்னால் ஒட்டினேன்.

இன்று கடைக்கு வந்தவள் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டாள்.

"எதை எங்கன வச்சா விக்கும்னு ஒங்களுக்கா தெரியாது? யாரும் பாக்கக் கூடாதுன்னுதான இங்கன ஒட்டியிருக்கிய?"

சாரலில் நனைந்துவிடும் என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"அருவியில புள்ளயப் பறிகொடுத்த அம்மா கதைப்பா. சின்னப் புள்ளைக பயந்துரும்னுதான் பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு."

ஒத்திகை தொடங்கியதிலிருந்து என்ன கதை என்று நான் கேட்கவே இல்லை. ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசித்தேன்.

போஸ்டரைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்னால் ஒட்ட இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் அறையில் வசனம் சொல்லிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது. முடிக்கட்டும், போய்க் கேட்கிறேன்.